பாலைவனக் கல்யாணத்துக்கு என் மகளும் விருந்தாளி

1

கசகசா கொண்டு வரக் கூடாது. அதைத்தான் முதலில் எழுதினேன். குருமாவுக்கு அரைக்கிற அதே கசகசாதான். நம்மூர் மளிகைக் கடையில் பொட்டலம் கட்டித் தருவார்கள். இந்த நாட்டு விமான நிலையத்தில் அது போதைப் பொருள், பெட்டியில் இருந்தால் கம்பி எண்ண வேண்டியதுதான். வெற்றிலை கூடாது, பாக்கும் கூடாது. தூக்க மாத்திரை, வலி மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டர் சீட்டை மறக்காதீர்கள், சில மாத்திரைக்கு முன்னாலேயே அனுமதி வாங்க வேண்டியிருக்கும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் எங்கேயும் இல்லாமல் வெறும் ஒற்றைப் பெயரோடு இருக்கிற மகராசர்கள் இப்போதே ஏஜெண்டைப் போய்ப் பாருங்கள். கடைசி நேரத்தில் என்னிடம் வந்து அழக் கூடாது.

இதையெல்லாம் நான் எழுதிப் போட்டது ‘தீபா கல்யாணம்’ என்ற வாட்ஸப் குழுவில். தீபா என் தங்கை ஜெயாவின் மகள். ஜெயா திண்டுக்கல்லில் இருக்கிறாள். நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஷார்ஜாவில் இருக்கிறேன். மாப்பிள்ளை துபாயில் வளர்ந்த பையன். அவர்கள் வீட்டில், ஊரெல்லையைத் தாண்டிப் பாலைவனத்துக்குள் கூடாரம் கூடாரமாகப் போட்டு நடத்துகிற ஒரு விடுதியில்தான் கல்யாணம் என்று சொல்லிவிட்டார்கள். ஆக, பெண் வீட்டுச் சனம் ஒரு பஸ் நிறைய திண்டுக்கல்லிலிருந்து மணலுக்கு வந்து இறங்க வேண்டும். ஜெயா எனக்கு ஒரு குரல் செய்தி அனுப்பினாள்.

“அக்கா, நீதான் அங்கனயே கெடக்க. யாரு என்ன கொண்டாரணும், எங்க தங்கணும், எல்லாத்தையும் நீயே எழுதிப் போட்ரு. எனக்கு இங்க மூச்சு விட நேரமில்ல.”

அங்கனயே கெடக்க. நல்லாச் சொன்னாள். இவ்வளவு வருசமாக ஒரு படுக்கையறை வீட்டில் கிடக்கிறேன், ஒரு பள்ளிக்கூடத்து அலுவலகத்தில் பெற்றோர்களின் ஏச்சைக் கேட்டுக்கொண்டு கிடக்கிறேன், சாயங்காலம் துபாய் சாலை நெரிசலில் பஸ்ஸுக்குள் கிடக்கிறேன். அந்தப் பாலைவன விடுதியில் ஒரு ராத்திரி தங்கியதில்லை. ஒரே ஒரு தடவை சுற்றுலாக் கும்பலோடு மணல்மேட்டில் ஜீப் ஏறப் போனேன், போய் வாந்தி எடுத்துவிட்டுத் திரும்பினேன். என் கண் முன்னால் ஜெயா அங்கே ராணி மாதிரி தங்கப் போகிறாள்.

பொறாமையா என்றால் பொறாமைதான். ஆதங்கம், மனத்தாங்கல் என்று பட்டுத்துணி போர்த்தி எழுதுவார்கள், எனக்கு வராது. எனக்கு வயிறு எரிந்தது.

2

ஆனால் விடுதிக்காக மட்டும் எரியவில்லை. என் மகள் பூரணியைப் பற்றிச் சொன்னால்தான் இது விளங்கும்.

பூரணி ஷார்ஜாவில் பிறந்தவள். ஒரே பிள்ளை. சின்ன வயதில் அவளைத் தமிழ் பேச வைக்க நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. நான் தமிழில் கேட்பேன், அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். ஊரிலிருந்து ஜெயா கூப்பிட்டால் போனை வாங்கி ஒரு ஹலோ சொல்லிவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுப்பாள். கோடை விடுமுறைக்குத் திண்டுக்கல் போனால் வெயில், கொசு, கரண்ட் இல்லை என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். இங்கே வளர்கிற பிள்ளைகள் கனடாவுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ பறந்துவிடும் என்று எல்லாத் தாய்மாரும் பயப்படுவது போல நானும் பயந்தேன். கனடா என்ன நேரம், இங்கே என்ன நேரம் என்று கூடக் கணக்குப் பார்த்து வைத்திருந்தேன்.

அவள் பறந்தது கோயம்புத்தூருக்கு, காலேஜுக்கு. வார விடுமுறைக்கு ஹாஸ்டலில் இருக்கப் பிடிக்காமல் பஸ் ஏறிச் சித்தி வீட்டுக்குப் போக ஆரம்பித்தாள். பிறகு பெங்களூரில் வேலை. அங்கிருந்தும் வெள்ளிக்கிழமை ஆனால் திண்டுக்கல் பஸ். ஷார்ஜாவுக்கு வருவது வருசத்துக்கு ஒரு தடவை ஆகி, பிறகு அதுவும் நின்றது. கேட்டால் லீவு இல்லை என்பாள். ஜெயாவின் மாமியார் வீட்டுக்கு மாவிளக்குத் தட்டு கொண்டுபோக மட்டும் லீவு இருக்கும்.

இப்போது அவள் போனில் என்னிடம் பேசுகிற தமிழைக் கேட்க வேண்டுமே.

“செத்த நேரங்கழிச்சுக் கூப்புடுறேன்மா. சித்தப்பாவோட மார்க்கெட்டுக்கு வந்துருக்கேன். என்ன வெஞ்சனம் இன்னைக்கு? அம்புட்டுத்தானா? சரி வையி.”

வெஞ்சனமாம், சோற்றுக்குத் தொட்டுக்கொள்கிற கறிக்கு! நான் தலைகீழாக நின்றும் வராத பேச்சு. ஜெயாவின் குரலில் உள்ள இழுவை கூட அப்படியே இருந்தது. போனை வைத்துவிட்டு அடுப்பை அணைத்தேன்.

ஒரு தடவை ஜெயாவிடமே வாயை விட்டுக் கேட்டேன். “என் புள்ளைய என்னடி பண்ணி வச்சிருக்க?”

அவள் சிரித்தாள். “ஊரான் புள்ளைய ஊட்டி வளத்தா தன் புள்ள தானா வளருமாங்க்கா. உன் புள்ளைய ஊட்டுனேன், பாரு, என் புள்ளைக்குத் துபாய் மாப்பிள்ள!”

பழமொழி சொன்னவள் வாயில் மண்ணைப் போட வேண்டும் போல் இருந்தது. ஊட்டி வளர்க்க என் பிள்ளைதானா கிடைத்தது அவளுக்கு?

3

விசா வேலையும் என் தலையில்தான் விழுந்தது. எல்லோரும் பாஸ்போர்ட்டைப் படம் பிடித்து அனுப்பினார்கள். ஒருத்தர் பாதிப் பக்கத்தைக் கட்டைவிரலால் மறைத்திருந்தார். ஒருத்தர் ரேஷன் கார்டை அனுப்பியிருந்தார். எரியோட்டு மதினி, அதாவது எங்கள் பெரியப்பா மகனின் மனைவி, முகம் தெரிகிற பக்கத்தை விட்டுவிட்டு அட்டையை மட்டும் முன்னும் பின்னும் எடுத்து அனுப்பியிருந்தாள்.

அந்தப் படங்களுக்கு நடுவில் பூரணியின் பாஸ்போர்ட் வந்தது. பிறந்த இடம்: ஷார்ஜா. இந்த ஊரில் பிறந்து, பள்ளிக்கூடம் படித்து, இதே தெருவில் சைக்கிள் பழகியவள். வெளிநாட்டிலேயே தங்கிவிட்டால் இங்கத்தி குடியிருப்பு விசா செத்துப்போகும். அவளுடையது எப்போதோ போய்விட்டது. என் மகளை என் வீட்டுக்குக் கூப்பிட நான் விசிட் விசா போட வேண்டும். ஏஜெண்ட் பையன் கேட்டான், உறவுமுறை என்ன என்று. மகள் என்றேன். எத்தனை நாள் தங்குவார் என்றான். நான் அவளைக் கேட்டேன்.

“குரூப்போட வாரேன், குரூப்போட போயிருவேன்மா. என்னையத் தனியா போடாத” என்றாள்.

பிறகு அறை பிரிக்கிற வேலை. விடுதியில் ஒரு கூடாரத்துக்கு மூன்று பேர். யாருக்கு மூட்டுவலி, யார் குறட்டை விடுவார், யார் யாரோடு பேசுவதில்லை என்று எல்லாம் யோசித்துப் பிரித்தேன். குழுவில் கேள்விகள் வந்தபடி இருந்தன. குளிக்க வாளியும் குவளையும் இருக்குமா? இருக்காது, மேலே இருந்து கொட்டும். விடியற்காலை டீ கிடைக்குமா? முகூர்த்தம் வெயிலுக்கு முன்னால், அதனால் கிடைக்கும், ஆனால் பால் டீயா என்று கேட்டுச் சொல்கிறேன். பாலைவனத்தில் குளிருமா? தை மாசத்து விடியலில் பல் தந்தி அடிக்கும், சால்வை கொண்டு வாருங்கள். குதிகால் செருப்பு வேண்டாம், மணலில் புதையும். பட்டுச்சேலையை மணலில் இழுத்துக்கொண்டு நடக்காதீர்கள். ஒட்டகத்துக்குக் கிட்டே நின்று போட்டோ எடுக்கிறவர்கள் அது துப்பும் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

நான் பூரணியை என் கூடாரத்தில் போட்டேன். நான், அவள், எரியோட்டு மதினி. பத்து நிமிஷத்தில் அவளிடமிருந்து வந்தது: “அம்மா, நான் சித்தி, தீபா கூட இருந்துக்கிறேன். பொண்ணு ரூம்ல ஆள் வேணும்.” நான் மாற்றினேன். கட்டைவிரலை அவ்வளவு அழுத்தி நான் எதையும் தட்டியதில்லை.

ஒரு விஷயம் சொல்லாமல் விட்டால் நான் பொய் எழுதுகிறவள் ஆவேன். நம் பக்கத்தில் வெற்றிலை பாக்கு வைத்து நேரில் அழைக்காத கல்யாணத்துக்கு யாரும் போவதில்லை. ஜெயா எரியோட்டுக்குப் போய் அழைத்தாள், சின்னாளபட்டிக்குப் போனாள், சிறுமலை மேலே இருக்கிற பெரிய மாமனார் வீட்டுக்கு பஸ் கிடைக்காமல் வேன் பிடித்துப் போனாள். எல்லாம் குழுவில் படமாக வந்தது. எனக்கு மட்டும் குழுவில் போட்ட அதே பத்திரிகைதான். ஊருக்கெல்லாம் வழி சொல்கிற எனக்கு அழைப்பு இல்லை. கேட்கலாமா? கேட்டு வாங்குகிற அழைப்பு அழைப்பா? வாயை மூடிக்கொண்டு ஒட்டகத்தைப் பற்றி எழுதினேன்.

4

கல்யாணத்துக்கு முன்னால் முதல் கூட்டம் மதுரையிலிருந்து துபாய்க்கு வந்து இறங்கியது. அதில் எரியோட்டு மதினியும் பூரணியும் எங்கள் வீட்டில் தங்குவதாக ஏற்பாடு. பூரணி வந்ததும் கட்டிப்பிடித்தாள். பூ வாசம் அடித்தது; விமானம் முழுக்கத் திண்டுக்கல் மல்லிகையைத் தலையில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். அவள் கட்டிலில் புது விரிப்பு விரித்து வைத்திருந்தேன்.

“கட்டில்ல அத்தை படுக்கட்டும்மா, அதுக்குப் புது எடம். நான் கீழ படுத்துக்கிறேன்” என்றாள்.

மறுநாள் காலையில் குளித்துவிட்டுப் பட்டுப்பாவாடை தாவணியோடு வந்து நின்றாள். கையில் என் வீட்டுத் தட்டு. தட்டில் மஞ்சள், குங்குமம், சிறுமலை வாழைப்பழம், பத்திரிகை. பின்னால் எரியோட்டு மதினி சிரித்துக்கொண்டு நின்றாள்.

“தீபாவோட பெரியம்மா வீட்டுக்கு அழைப்பு வைக்கணும்னு சித்தி குடுத்துவிட்டுச்சும்மா. அப்பாவையும் வரச் சொல்லு, ரெண்டு பேரும் நில்லுங்க.”

நான் மதினியைத் திரும்பிப் பார்த்தேன். “யாரு யார அழைக்கிறது?”

மதினிதான் எடுத்துக் கொடுத்தாள். “ஏத்தா வசந்தா, பொண்ணு வீட்டு சார்பா உன் மக வந்துருக்கு. முறையா வாங்கிக்க.”

“பொண்ணு வீடா? இவ பொண்ணு வீடுன்னா நான் யாரு மதினி? பக்கத்து வீடா?”

என் வீட்டுக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டே வந்தார். நிலவரத்தைப் பார்த்துவிட்டுப் பொத்தான் போடுவதிலேயே கவனமாக நின்றார். நான் தட்டைப் பார்த்தேன். ஆத்திரத்துக்குப் பற்றிக்கொள்ள ஒரு கொம்பு வேண்டியிருந்தது, கிடைத்தது.

“வெத்தல எங்க? வெத்தல பாக்கு இல்லாம அழைக்கிறது எந்த ஊரு வழக்கம்? கன்னி கழியாத புள்ள கையில தட்டக் குடுத்துவிட்டிருக்கா, அதுலயும் வெத்தல இல்ல!”

“வெத்தல கொண்டாரக் கூடாதுன்னு நீதானம்மா போட்ட” என்றாள் பூரணி.

மதினி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். என் வீட்டுக்காரரும் சிரித்துவிட்டார். நான் சமையலறைக்குள் போய்விட்டேன். பின்னாலேயே பூரணி வந்தாள்.

“எதுக்கும்மா இம்புட்டு கோவம்? சித்தி நேர்ல வர முடியல. யாரோ ஒருத்தர் கையில குடுத்துவிட்டா மரியாத இல்ல, நீயே போன்னு சொல்லுச்சு. உன் மேல மரியாதையிலதான் செஞ்சுச்சு.”

“என் புள்ளைய என்கிட்டயே விருந்தாளியா அனுப்பி வைக்கிறதுதான் மரியாதயா? நீ யாரு மகடி? கல்யாணம் முடிஞ்சதும் பத்து நாளு இங்க இரு. டிக்கெட்ட நான் மாத்துறேன்.”

அவள் அடுப்பு மேடையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். “இருக்க முடியாதும்மா. கம்பெனியில வீட்லருந்தே வேல பாக்கலாம்னு சொல்லிட்டாங்க. பெங்களூர காலி பண்ணியாச்சு. நான் திண்டுக்கல்லுக்கே போயிர்றேன். அங்கயே இருக்கப் போறேன்.”

“ஜெயா வீட்லயா?”

அவள் பதில் சொல்வதற்குள் மதினி டீ கேட்டாள். பதில் எனக்குத் தேவையும் இல்லை. நான் எந்த ஊரை விட்டுவிட்டு வந்தேனோ அந்த ஊரையும் ஜெயாவே வைத்துக்கொண்டாள், இப்போது இவளையும் வைத்துக்கொள்ளப் போகிறாள். வெளியே வந்து தட்டை வாங்கிக்கொண்டேன். வாழைப்பழம் ஒன்றை உரித்துத் தின்றேன். நல்ல பழம், அதுவும் எரிச்சலாக இருந்தது.

5

கல்யாணத்தைக் குறை சொல்ல முடியவில்லை, சொல்ல ஆசைப்பட்டேன். விளக்கெல்லாம் மணலில் பதித்திருந்தார்கள். முகூர்த்தக்கால் ஊன்றுவதற்கு மட்டும் வழி இல்லை. ஊன்ற ஊன்ற மணல் சரிந்து கால் சாய்ந்தது. ஐயர் கடிகாரத்தைப் பார்த்தார். எரியோட்டு மதினி தோட்டக்காரரிடம் ஒரு வாளியைப் பிடுங்கி, மணலை நிரப்பி, தண்ணீர் ஊற்றி மிதித்து, அதில் நட்டாள். “குளிக்கத்தான் வாளி இல்ல, இதுக்காவது ஆச்சு” என்றாள். ஐந்து சுமங்கலிகள் வாளிக்குப் பால் ஊற்றினோம்.

பூரணி சுழன்றுகொண்டிருந்தாள். ஒருத்தருக்குச் சால்வை, ஒருத்தருக்கு மாத்திரை, சித்தப்பாவுக்கு வேட்டி மடிப்பு. திண்டுக்கல் சனம் வாய்க்கு வாய் பூரணி, பூரணி என்றது. மாப்பிள்ளை வீட்டு அம்மா ஒருத்தர் அவளைக் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“நல்லா ஓடியாடி வேல பாக்குற கண்ணு. எந்த ஊரும்மா நீ?”

“திண்டுக்கல்” என்றாள், கொஞ்சமும் யோசிக்காமல்.

அந்த அம்மா என் பக்கம் திரும்பி, “நீங்க?” என்றார். இந்தக் கேள்விக்கு இந்த நாட்டில் எத்தனையோ பேரிடம் நான் சொன்ன பதில் ஒன்றுதான். வாயைத் திறந்தேன்.

“இது எங்கம்மா. ஷார்ஜா” என்றாள் பூரணி, எனக்கு முன்னால்.

பொய் இல்லை. சண்டை போடவும் முடியாது. தாலி கட்டுகிற நேரத்தில் மேளம் உச்சத்துக்குப் போனது, ஜெயா கண்ணைத் துடைத்தாள், நானும் துடைத்தேன். எல்லோரும் எனக்கு மனசு நிறைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள்.

6

ஊருக்குத் திரும்புகிற கூட்டத்தை வழியனுப்ப விமான நிலையம் போனேன். இத்தனை வருசமும் மதுரையில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நான் போவேன், இந்தப் பக்கம் ஜெயா நின்று கையாட்டுவாள். இந்தத் தடவை ஜெயா உள்ளே போகிறவள். எரியோட்டு மதினியின் பெட்டி எடை கூடிப்போய், பேரீச்சம்பழத்தை எல்லோர் பையிலும் பங்கு வைத்துக்கொண்டிருந்தாள். பூரணி என் கையைப் பிடித்தபடி நின்றாள். நான் வழி சொல்ல ஆரம்பித்தேன்.

“மதுரையில எறங்குனதும் ஆரப்பாளையம் பஸ்ஸ்டாண்டுக்குப் போயிரு. கொடைரோட்டுல நிக்கிற பஸ்ஸுல ஏறாத, லேட்டாகும். ஜன்னலோரம் உக்காராத, எதிர்காத்து.”

“யாரும்மா இப்ப ஆரப்பாளையம் போறா? சித்தப்பா கார் வருது. ரிங்ரோட்டுல சுத்தி நாலுவழிச்சாலையப் பிடிச்சா நேரா திண்டுக்கல்தான்.”

“எனக்கு அந்த வழி தெரியாதே. நான் வந்தா எப்படி வாரது?”

“நீ எதுக்கு வழி தெரிஞ்சுக்கணும்? நான் ஏர்போர்ட்டுக்கு வந்து கூட்டிட்டுப் போறேன்.”

“எங்க கூட்டிட்டுப் போவ, உங்க சித்தி வீட்டுக்குத்தான?” கேட்டுவிட்டேன்.

பூரணி ஜெயாவை ஒரு தடவை பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள். “சித்தி வீட்ல இல்லம்மா. ஆர்.எம். காலனியில ஒரு மாடி வீடு பாத்து அட்வான்ஸ் குடுத்துட்டேன். மொட்டமாடிக்குப் போனா சிறுமல தெரியுது. கல்யாணத்துக்கு முன்னாடி சொன்னா சித்தி வருத்தப்படும்னுதான் சொல்லல.”

ஜெயா பையைக் கீழே வைத்தாள். “தனி வீடா? ஏன், எங்க வீடு என்ன முள்ளா குத்துச்சு? சரி, எப்பக் குடி போற? நான் வந்து பால் காச்சித் தாரேன்.”

“இல்ல சித்தி. சாவி வாங்கி ரெண்டு வாரமாச்சு, இன்னும் உள்ள அடுப்பு கூட வைக்கல. அம்மா வந்துதான் பால் காச்சணும்னு பூட்டி வச்சிருக்கேன்.” என் கையை அழுத்தினாள். “லீவு கேளும்மா. நீ வந்தப்புறந்தான் குடி போவேன்.”

ஜெயா பையை எடுத்து வாரைத் தோளில் மாட்டிக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். எனக்கு அந்தப் பார்வை நன்றாகத் தெரியும். இத்தனை நாளும் அது என் முகத்தில்தான் இருந்தது.